செகண்ட் பாடியவள்

"இன்னும் பாடுறீங்களா?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று ஏறும். மீன் விற்கிறவளைப் பார்த்து இன்னும் மீன் விற்கிறாயா என்று எவனும் கேட்பதில்லை. பாடுகிறவள் மட்டும் ஒரு வயதுக்கு மேல் வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவாள் என்று ஊருக்கே ஒரு நினைப்பு. நான் நிறுத்தினதே இல்லை. ஓட்டல்களில் பேண்டு இருந்த காலத்தில் ஓட்டலில் பாடினேன். பேண்டைத் தூக்கிவிட்டுச் சுவரில் டிவியை மாட்டினார்கள், கல்யாண ரிசப்ஷன்களில் பாடினேன். கன்னட ராஜ்யோத்சவ விழா மேடையில் கன்னடக் கோரஸ், கிறிஸ்துமஸ் டான்ஸில் இங்கிலீஷ் பாட்டு, ஆடி மாசம் மாரியம்மன் கோயிலில் பக்திப் பாட்டு. நடுவில் கார்மென்ட்ஸில் சூப்பர்வைசர் வேலை. அங்கேயும் மெஷின் சத்தத்துக்கு மேலே பாடிக்கொண்டுதான் இருந்தேன்.

அதனால் அந்தப் பெண் போன் செய்து முதல் கேள்வியாக அதையே கேட்டபோது வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோரமங்களாவில் ஒரு பீர் ஆலையோடு சேர்ந்த பெரிய ஓட்டலுக்கு நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்கிறவள். பேச்சில் கோயம்புத்தூர் வாசனை அடித்தது.

"ஆன்ட்டி, அந்த மூணு சிஸ்டர்ஸ்ல நீங்க ஒருத்தருங்க, இல்லைங்களா? நடுவுல நிக்கறவங்கதானே?"

"இல்ல. ஓரத்துல நிக்கறவ."

"ஓ." என்று இழுத்தாள். பிறகு, "பரவால்லைங்க ஆன்ட்டி" என்றாள்.

பரவாயில்லையாம். எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

நாங்கள் மூன்று பேரும் சிஸ்டர்ஸ் இல்லை. ஆஸ்டின் டவுனில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்த மூன்று வீட்டுப் பெண்கள். எங்களை அக்கா தங்கச்சிகள் ஆக்கினது மாஸ்டர். அவர் சாக்ஸபோன் வாசிப்பார். கன்டோன்மென்டில் இருந்த ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் பேண்டு கொண்டுபோவார். அமெரிக்காவில் கறுப்பர்கள் பாடுகிற சோல் பாட்டு என்றால் அவருக்கு உயிர். ரெக்கார்டைப் போட்டுக் காட்டுவார். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துகிற மாதிரி முன்னால் பாடுவாள், பின்னால் நிற்கிறவர்கள் ஆமாம் ஆமாம் என்று ஒத்துப் பாடுவார்கள். முதல் தடவை கேட்டபோது எங்கள் தெருவில் சாவு விழுந்தால் பெண்கள் சேர்ந்து அழுவதுதான் ஞாபகம் வந்தது. இது நமக்கு வரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இங்கிலீஷ் அர்த்தம் தெரியாது. காதால் கேட்டு, தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பாடினோம். ஓட்டலில் சாப்பிட வந்தவர்கள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள்.

பிறகு மாஸ்டர் தமிழிலேயே ஒரு பாட்டு போட்டார். பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி நிற்கிறாள். வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. அவனைத் திட்டித் தீர்க்கிறாள், திட்டிக்கொண்டே அழுகிறாள். அவ்வளவுதான் பாட்டு. கேசட் வந்தது. வந்த வேகத்தில் டவுன் பஸ், டீக்கடை, சலூன் என்று எல்லா இடத்திலும் அதேதான் ஓடியது. சிவாஜி நகர் மார்க்கெட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து போக முடியாது, கூட்டம் கூடிவிடும். தனியாகப் போனால் நான் போகலாம். என்னை யாருக்கும் அடையாளம் தெரியாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பாட்டில் மூன்று குரல். முன்னால் நிற்கிறவள் பாடுவது ஃபர்ஸ்ட். அதுதான் மெட்டு, ஜனங்கள் வீட்டுக்குப் போய் முணுமுணுப்பது அதைத்தான். அதற்குக் கீழே கூடவே போகிற குரல் செகண்ட். அதற்கும் கீழே தேர்டு. நான் செகண்ட். செகண்ட் மட்டும் தனியாகக் கேட்டால் யாருக்கும் ஒன்றும் புரியாது. ஏதோ வேறு பாட்டு மாதிரி இருக்கும், சுருதி தப்பின மாதிரிகூட இருக்கும். ஃபர்ஸ்ட் மேலே வந்து உட்கார்ந்தால்தான் அதற்கு அர்த்தம்.

மாஸ்டர் எங்களுக்குச் சேர்த்துச் சொல்லிக்கொடுக்க மாட்டார். ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு அவளுடைய பங்கை மட்டும் பாடம் பண்ண வைப்பார். சேர்ந்து பாடும்போது நான் ஒரு கையால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

"அவ பாடறத கேக்காதே. கேட்டா உன் வாயி அவ பின்னாடி ஓடும். உன்னுது மட்டும் உனக்கு வரணும், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வரணும்" என்பார்.

வந்தது. பாத்திரம் கழுவும்போது, தலை பின்னும்போது, பிரசவ வலியில்கூட அந்தப் பாட்டு எனக்கு செகண்டாகத்தான் வந்தது. அந்த மெட்டை நான் ஒரு தடவைகூடப் பாடினது கிடையாது. ஊரெல்லாம் பாடின மெட்டு.

எல்லாவற்றுக்கும் ஒரே மைக்தான். நடுவில் நிற்கிறவள் மைக்குக்கு முன்னால். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம், அரை அடி பின்னால் தள்ளி, தலையை அவள் பக்கம் சாய்த்து நிற்போம். கேசட் ரெக்கார்டிங்கிலும் அப்படித்தான். அங்கே மாஸ்டர் என்னை இன்னும் பின்னால் போகச் சொன்னார். போனேன். இன்னும் என்றார். கடைசியில் என் முதுகில் கதவுத் திரை இடித்தது. "உன் குரல் கனம்மா. முன்னாடி வந்தா மைக்கு தாங்காது" என்றார். அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன். அடி முட்டாளே என்று இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன். நடுவில் நின்றவள் சிவப்பாக இருந்தாள், நான் கறுப்பாக இருந்தேன். விஷயம் அவ்வளவுதான். அவள் குரல் நன்றாக இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நான் அந்தப் பாட்டில் திட்டியிருந்தால், வராமல் போனவன் எந்த ஊரில் இருந்தாலும் கேட்டிருக்கும்.

அவள் கல்யாணம் செய்துகொண்டு ஆஸ்திரேலியா போய்விட்டாள். அவள் கிளம்பின அந்த வாரமே மாஸ்டரிடம் போய்க் கேட்டேன்.

"மாஸ்டர், நடுவுல நான் நிக்கறேன். நான் பாடறேன்."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, குழந்தை எதையோ கேட்டால் சிரிக்கிற சிரிப்பு. "நீ பாடினா அது வேற பாட்டா இருக்கும்மா" என்றார். அத்தோடு மூன்று பேர் கதை முடிந்தது. தேர்டு பாடினவள் பீன்யா பக்கம் வாக்கப்பட்டுப் போனாள், இப்போது உயிரோடு இல்லை. மாஸ்டரும் இல்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என்னிடம் இருக்கிறது.

அந்தப் பாட்டை ஒரே ஒரு தடவை, பக்கத்தில் யாரும் இல்லாமல், முன்னால் நின்று, ஜனங்களுக்கு முன்னால், என் தொண்டையில் பாடிவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை இது ஒன்றுதான். எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன், எவனும் அதைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அந்தக் குரல்தான் வேண்டும், நான் அந்தக் குரல் இல்லை.

இப்போது எங்கிருந்தோ யாரோ அந்தப் பழைய கேசட்டை யூடியூபில் ஏற்ற, அதிலிருந்து பிள்ளைகள் எடுத்து ரீல்ஸ் போட, பாட்டு மறுபடியும் கிளம்பிவிட்டது. மகள்தான் காட்டினாள். அவளும் நானும் ஈஜிபுராவில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். அவள் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவள், வாய் என்னைவிட நீளம். ரீல்ஸில் கேசட் அட்டைப் படத்தைச் சதுரமாக வெட்டிப் போட்டிருந்தார்கள். நடுவில் அவள் முழுசாக இருந்தாள். ஒரு பக்கம் என் தோளும் ஒரு தோடும் தெரிந்தன.

"தோடு நல்லா கீதும்மா" என்றாள் மகள்.

இந்த அலையில்தான் கோயம்புத்தூர்ப் பெண் என்னைத் தேடிப் பிடித்திருந்தாள். மிச்சம் இருக்கிறது நான்தானே. ஓட்டலில் உட்கார்த்திவைத்து நல்ல காபி கொடுத்து, எப்படிச் செய்யப் போகிறாள் என்று விளக்கினாள். நான் மேடையில் நிற்க வேண்டும். கேசட் பாட்டை ஸ்பீக்கரில் போடுவார்கள்.

"நீங்க சும்மா வாய் மட்டும் அசைச்சா போதுங்க ஆன்ட்டி. இந்த வயசுல உங்களுக்கு ஸ்ட்ரெய்ன் வேண்டாம்."

"யார் குரலுக்கு வாய் அசைக்கணும்?"

"உங்க பாட்டுக்குத்தாங்க."

"அதுல பாடறது அவ. அவளுக்கு நான் வாய் அசைக்கணுமா? இன்னாம்மா நீ. நேர்ல பாடறதுன்னா பாடறேன். இல்லன்னா காபிக்கு தேங்க்ஸ், நான் கெளம்பறேன்."

அவள் கெட்டவள் இல்லை. உடனே சரி என்றாள். பேண்டும் ஏற்பாடு செய்தாள். கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறில் வாசிக்கிற பையன்கள், மரியாதையான பிள்ளைகள். கீபோர்டு வாசிக்கிறவர் நாலைந்து நாள் தாடியைத் தடவிக்கொண்டே கேட்டார்: "மேடம், ஒரிஜினல் ஸ்ருதி ரொம்ப மேல இருக்கு. ரெண்டு கட்டை எறக்கிக்கலாமா?"

"ஒரு கட்டையும் எறக்க வேணாம். அதே ஸ்ருதி."

வீம்புதான். அவள் பாடின இடத்திலேயே நின்று பாட வேண்டும் என்று இருந்தது. அந்த வீம்பு பின்னால் என்ன செய்யும் என்று அப்போது தெரியாது.

வீட்டில் ஃபர்ஸ்ட் பாடம் பண்ண உட்கார்ந்தேன். சிரிக்காதீர்கள், சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த மெட்டைப் பாடத்தான் நான் தினமும் விடிந்ததும் உட்கார்ந்தேன். முதல் அடியில் முதல் வார்த்தை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், ஒரே ஸ்வரம். இரண்டாவது வார்த்தையில் அவள் மேலே ஏறுவாள், நான் கீழே இறங்குவேன். அந்த இடத்தில் வாய் தானாக இறங்கியது. மகள் போனைப் பிடித்துக்கொண்டு வாத்தியாராக உட்கார்ந்திருந்தாள்.

"ம்மா, மறுபடியும் கீழ பூட்ட."

"தெரிது, தெரிது. மொதல்லேர்ந்து போடு."

"தோ, மறுபடியும்."

"நீ வாய மூடினா எனக்கு வரும்."

போனில் அவள் பாடும்போது கூடவே பாடினால் வந்தது. போனை நிறுத்தினால் கீழே இறங்கியது. பிடித்துப் பிடித்து, பாதிப் பாட்டு வரைக்கும் கொண்டுவந்தேன். ரிகர்சலில் கவலை இல்லை. கீபோர்டுக்காரர் முதலில் மெட்டை வாசித்துக் காட்டிவிட்டு என் கூடவே வாசித்தார், அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். முடித்ததும் அந்தப் பிள்ளைகள் கைதட்டினார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவர் எழுந்துநின்று தட்டினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் இல்லை.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செப்பு நிறத்தில் பெரிய பெரிய பீர் அண்டாக்கள் கண்ணாடிக்குப் பின்னால் நிற்க, அதற்கு முன்னால் மேடை. முதலில் பழைய சோல் பாட்டுகள் பாடினேன். என்னையே மெச்சிக்கொள்வதாக நினைக்காதீர்கள், நன்றாகப் பாடினேன். மேஜைகளில் பேச்சு நின்றது. பரிமாறுகிறவர்கள் தட்டோடு நின்று கேட்டார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டது மேடையிலிருந்து தெரிந்தது. இங்கிலீஷுக்கு எனக்கு இப்போது அர்த்தமும் தெரியும், அதனால் அந்தக் காலத்தைவிட இன்னும் நன்றாகவே வரும்.

கடைசியாக அந்தப் பாட்டு. கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அப்போது கோயம்புத்தூர்ப் பெண் மேடை ஓரத்துக்கு ஓடிவந்து என் காதில் சொன்னாள்.

"ஆன்ட்டி, ஒரு சின்ன சேஞ்சுங்க. மொதல் லைன் மியூசிக்கே வேண்டாம். கேசட்ல அப்படித்தான வெறும் குரல்ல ஆரம்பிக்கும். நீங்க மட்டும் பாடுங்க, எல்லாருக்கும் புல்லரிச்சுப் போயிரும்."

பேண்டுக்கும் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டாள். கீபோர்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாக, வெறும் குரலில், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க, முதல் அடி. இதற்குத்தானே இத்தனை வருஷம் காத்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடினேன். பாடினேன்.

முதல் வார்த்தை கணீரென்று வந்தது. இரண்டாவதில் கீழே இறங்கினேன்.

இறங்கினது எனக்குத் தெரியவே இல்லை. அதுதான் கொடுமை. எனக்கு அது சரியாகக் கேட்டது. சுத்தமாக, சுருதி பிசகாமல், முழு அடியையும் செகண்டாகப் பாடி முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தேன். முன் மேஜையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவளிடம் குனிந்து, "இது அந்தப் பாட்டு இல்லையே" என்றார். அவர் மெதுவாகத்தான் சொன்னார், அந்த அமைதியில் அது மேடைவரைக்கும் கேட்டது. அப்போதுதான் புரிந்தது. மறுபடி ஃபர்ஸ்டாக எடுக்கலாம் என்று மூச்சு இழுத்தேன். மெட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்றே பிடிபடவில்லை. வாய் திறந்தபடி நின்றேன்.

ஸ்பீக்கரிலிருந்து அவள் குரல் வந்தது.

சவுண்டு பார்க்கிறவர் கேசட் பாட்டைப் போட்டுவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கோயம்புத்தூர்ப் பெண் அவரிடம் முன்னாலேயே கொடுத்துவைத்திருந்தாளாம். இருபது வயதுக் குரல், பளிச்சென்று, என் தலைக்கு மேலே. பேண்டு அதே சுருதியில் தயாராக இருந்தது. ஒரு கட்டை இறக்கியிருந்தால்கூட ஒட்டியிருக்காது. நான்தானே இறக்கக் கூடாது என்றேன். என் உடம்பு என்னைக் கேட்கவே இல்லை. மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்தது, அரை அடி பின்னால் போனது, தலை சாய்ந்தது, ஒரு கை காதுக்குப் போனது. அவள் பாட, நான் செகண்ட் பாடினேன். அச்சாகப் பொருந்தியது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. மேடையின் நடுவில் யாரும் இல்லை. விளக்கு அந்த இடத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

இறங்கினதும் நேராக சவுண்டுக்காரரிடம் போனேன்.

"யாரைக் கேட்டு போட்டீங்க?"

"மேடம், நீங்க பாட்டு மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் மறக்கல. எனக்கு எது தெரியுமோ அதத்தான் பாடினேன்."

அவருக்குப் புரியவில்லை, எப்படிப் புரியும். "சும்னே டென்ஷன் ஆகாதீங்க மேடம். பாருங்க, ஜனங்க எப்படி கொண்டாடறாங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொல்லி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். கோயம்புத்தூர்ப் பெண் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அந்த வீடியோ போகாத இடமில்லை. ஒரு பக்கமாக நான் ஒதுங்கி நிற்க, நடுவில் வெளிச்சம் மட்டும். கீழே ஜனங்கள் எழுதியிருந்ததை மகள் படித்துக் காட்டினாள். அக்காவுக்காக இடம் விட்டு நின்ற தங்கை என்றார்கள். இதுதான் அன்பு என்றார்கள். பிரிந்துபோன அக்காவின் குரலைக் கேட்டதும் எப்படிச் சிலையாகிவிட்டார் பாருங்கள் என்று ஒருவர். எத்தனையோ பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். நான் பாடின சோல் பாட்டுகளை யாரும் போடவில்லை.

"அக்காவாமே. யாருக்கு யாரு அக்கா? என்னவிட சின்னவ அவ" என்றேன்.

"வுடும்மா. பேமஸ் ஆயிட்ட."

"நானா ஆனேன்?"

மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்ஸப்பில் குரல் வந்தது. எத்தனை வருஷமோ பேசினதில்லை, யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள். தமிழ் கொஞ்சம் தடுமாறியது, குரல் அப்படியே இருந்தது. "எனக்காக நடுவுல எடம் வுட்டியாமே. பாத்துட்டு அழுதுட்டேன்டி. உன்ன மாதிரி யாருக்கு மனசு வரும்? நீ எப்பவுமே அப்படித்தான், பின்னாடி நின்னு என்ன தூக்கி வுடுவே." அழுகை நிஜ அழுகைதான். அவள் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்தும் கோபம் வந்தது. நான் விட்டுக்கொடுக்கவில்லையடி, எனக்குப் பாடத் தெரியாமல் போய்விட்டது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரு கும்பிடு மட்டும் அனுப்பினேன்.

அதற்குப் பிறகு எனக்குள் ஒரு வெறி வந்தது. போனைத் தொடாமல், யாருடைய துணையும் இல்லாமல் ஃபர்ஸ்ட் பாடம் பண்ணினேன். இரண்டாவது வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுத்தால் வாய் மேலே ஏறுகிறது என்று கண்டுபிடித்தேன். அவள் அந்த இடத்தில் மூச்சு எடுக்கவில்லை. அது என்னுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும். சமையலறையில், மொட்டைமாடியில், துணி காயப்போடும்போது பாடிப் பாடி, ஒருநாள் முதலிலிருந்து கடைசிவரை பிசகாமல் வந்தது. மாஸ்டர் சொன்னது சரிதான். நான் பாடினால் அது வேறு பாட்டு. அவள் பாட்டில் வருகிறவள் அழுதுகொண்டே போய்விடுவாள். என் பாட்டில் வருகிறவள் பஸ் ஸ்டாண்டைவிட்டு நகரவே மாட்டாள், அவன் வந்து பதில் சொல்லியாக வேண்டும். கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில் நின்று கேட்டுவிட்டு, "ஏன்ம்மா, யார் மேல இவ்ளோ கோவம்?" என்று கேட்டாள். அன்று எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கோயம்புத்தூர்ப் பெண் மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை இன்னும் பெரிய இடம், ஒரு பார்க்கில் திறந்த மேடை.

"கேசட் டிராக் வேணாம். இந்த வாட்டி நானே பாடறேன், முழுசா. எனக்கு வந்துடுச்சு" என்றேன்.

"ஆன்ட்டி, எல்லாரும் அந்த வீடியோ பாத்துட்டுத்தாங்க வர்றாங்க. நீங்க சைடுல, நடுவுல காலியா, அதுதானுங்க கான்செப்ட்டே. மத்த பாட்டெல்லாம் உங்க இஷ்டம்ங்க."

"அப்ப நான் வரலன்னா?"

"வீடியோவையே ஸ்க்ரீன்ல போட்டுக்கலாம்ங்க" என்றாள். மிரட்டிச் சொல்லவில்லை, எனக்குச் சிரமம் வேண்டாமே என்று அக்கறையாகத்தான் சொன்னாள்.

போனேன். ஏன் போனாய் என்று மகள் சண்டை போட்டாள். மேடை என்றால் போகிறவள் நான், வேறென்ன சொல்ல.

பார்க்கில் ஆட்கள் இன்னும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் நேராக மேடைமேல் அடித்தது. மேடை நடுவில் ஒரு பழைய காலத்து மைக்கை நிறுத்தி, ஸ்டாண்டில் மல்லிகைப்பூ சுற்றியிருந்தார்கள். ஆள் உயிரோடு இருக்கிறாள், ஆஸ்திரேலியாவில் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள், இவர்கள் படத்துக்கு மாலை போடாத குறைதான். எனக்கு ஓரத்தில் ஒரு மைக். பேண்டு இன்னும் வரவில்லை. சவுண்டுக்காரர் மட்டும் அந்தக் கோடியில் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

நான் நடுவில் போய் நின்றேன். அந்தப் பூ சுற்றின மைக்குக்கு முன்னால் நின்று, யாரையும் கேட்காமல், பாட ஆரம்பித்தேன். முதல் வார்த்தை. சின்ன மூச்சு. இரண்டாவது வார்த்தை மேலே ஏறியது. பிறகு நிற்கவில்லை. திட்டினேன், கேட்டேன், அழுதேன், மறுபடி திட்டினேன். வயிற்றிலிருந்து வந்தது. நாற்காலி போடுகிறவர்களில் ஒருவர்கூடத் திரும்பவில்லை, திறந்தவெளி, நாற்காலி இழுக்கிற சத்தம். பரவாயில்லை, சவுண்டுக்காரர் காதில் ஹெட்போன் இருக்கிறதே, அவராவது கேட்டிருப்பார் என்று நினைத்தேன். முடித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். பிறகு எழுந்து மேடைவரைக்கும் வந்தார்.

"மேடம், அதுல டெஸ்ட் பண்ணாதீங்க. அதுக்கு கனெக்‌ஷன் இல்ல. சும்னே ஷோக்கு வெச்சிருக்கு. உங்க மைக்கு அங்க ஓரத்துல."

சரி என்றேன். ஓரத்துக்குப் போய் என் மைக்கில் ஒன்று இரண்டு மூன்று எண்ணினேன். ஓகே மேடம் என்று கட்டைவிரலைக் காட்டினார்.

சாயங்காலம் சூரியன் இறங்குகிற நேரத்துக்கு நிகழ்ச்சி நடந்தது. மற்ற பாட்டுகளை என் இஷ்டத்துக்குப் பாடினேன். கடைசிப் பாட்டுக்கு அவள் குரல் ஸ்பீக்கரில் வர, ஒதுங்கி நின்று, காதைப் பொத்திக்கொண்டு, செகண்ட் பாடினேன். பூ சுற்றின மைக்கைப் பார்த்து ஜனங்கள் அழுதார்கள். என் மகள் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவள் மட்டும் அழவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது மகள் கேட்டாள்.

"ம்மா, அந்த கேசட்ல உன் குரல் எங்க வருது?"

"முழுசா வருது. அவ கூடவே வருது, அவளுக்கு கீழ."

"நானும் எவ்ளோ வாட்டி கேட்டுட்டேன். அவங்க குரல் கேக்குது. அடியில இன்னொருத்தங்க கேக்கறாங்க."

"அது தேர்டு. ரெண்டுக்கும் நடுவுல நான்."

அவள் போனில் பாட்டைப் போட்டு ஒரு காதில் வைத்து, மற்றக் காதை விரலால் அடைத்துக்கொண்டாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். என் முதுகில் இடித்த கதவுத் திரை ஞாபகம் வந்தது. அவள் அடைத்திருந்த விரலை எடுத்துவிட்டு, அந்தக் காதுக்குள் செகண்டை அவளுக்குக் காட்டுவதற்காகப் பாடினேன், பாட்டோடு சேர்த்து, வார்த்தைக்கு வார்த்தை.

"இப்ப கேக்குதா?"

"இப்ப நீ பாடறது கேக்குதும்மா" என்றாள். "அதுல கேக்கல."

ஈஜிபுரா சிக்னலில் ஆட்டோ நின்றது. அவள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை.